பின் இருக்கைக்குக் கேட்கும்படி

பேபி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பெண் விமானம் ஓட்டப் போகிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? விமானப்படை அகாதமியில் முதல் நாள் பெயர் வாசித்த அதிகாரியும் நம்பவில்லை. "வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேண்டாம், சர்டிஃபிகேட்டில் இருப்பதைச் சொல்" என்றார். சர்டிஃபிகேட்டிலும் அதுதான் இருந்தது. ஆவடி, சேக்காடு, கோதண்டம் மகள் பேபி. வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேபி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அதிகாரியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஆமாம், அதுதான் என் பெயர் என்று அதற்கு அர்த்தம். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதைக் கையால் சொல்லும் அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவளுக்கு வினையாக வந்து நின்றது.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவள் அப்பாவின் வேலையைச் சொல்ல வேண்டும். கோதண்டத்துக்கு டாங்கி ஃபேக்டரியில் என்ஜின் சோதிக்கிற வேலை. டாங்கியில் பூட்டுவதற்கு முன்னால் என்ஜினை ஒரு மேடையில் ஏற்றி, முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கூடத்தில் தன் குரல் தனக்கே கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கை பாஷைதான். விரலைச் சுழற்றினால் வேகத்தைக் கூட்டு, உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் குறை, கழுத்தை அறுப்பது போல் கையை இழுத்தால் நிறுத்து. காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். கோதண்டம் அதைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு நிற்பார். மூடிக்கொண்டால் என்ஜின் என்ன சொல்கிறது என்று தெரியாதாம். என்ஜின் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பேபி மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், மனுஷர்கள் சொல்வது அவருக்குக் கேட்காமல் போய்விட்டது.

அப்புறம் ஃபேக்டரியின் கை பாஷை வீட்டுக்குள் வந்தது. சோறு இன்னும் வேண்டுமென்றால் விரலைச் சுழற்ற வேண்டும். போதுமென்றால் கழுத்தை அறுக்க வேண்டும். ஒரு பொங்கலுக்கு வந்திருந்த பெரியம்மா ஆசையாகச் சாதம் பரிமாற, குழந்தை பேபி அவளைப் பார்த்துக் கழுத்தை அறுத்துக் காட்டினாள். பெரியம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அன்று ராத்திரி வண்டிக்கே அவள் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

இதில் அதிகம் கஷ்டப்பட்டது அம்மா தாயம்மாள்தான். அவள் வேப்பம்பட்டில் பிறந்தவள், அசல் வாயாடி. கல்யாணத்துக்கு முன்னால் ரயிலில் ஏறினால், அடுத்த ஸ்டேஷனான திருநின்றவூர் வருவதற்குள் பெட்டியில் இருக்கிற அத்தனை பேர் கதையையும் கறந்துவிடுவாள். புருஷனுக்குக் காது மந்தமான புதிதில் அவளும் கத்திக் கத்திப் பேசிப் பார்த்தாள். சண்டை என்று நினைத்து அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். சரியென்று மகளோடு மட்டும் மெதுவாகப் பேசினாள். கோதண்டம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் சிரித்தபோது என்ன ஏது என்று தெரியாமல் அவரும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைத் தாயம்மாளால் தாங்க முடியவில்லை. "அந்த மனுசனுக்குக் கேக்காத பேச்சு நமக்கு மட்டும் இன்னாத்துக்குடி?" என்றாள். அன்றோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது. யாரும் யாரையும் அதட்டவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அந்த மனுஷர் மேல் வைத்திருந்த பிரியத்தினால் நிறுத்தினார்கள். வளர்ந்து காலேஜுக்குப் போன பேபி, வகுப்பிலும் பஸ்ஸிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

காலேஜில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தாள். தேர்வு எழுதினாள், ஓடினாள், கயிறு ஏறினாள். நேர்முகத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மார்க் போட்டார்கள் போலிருக்கிறது. தொண்ணூற்றாறாம் வருஷம் அகாதமிக்குள் நுழைந்தாள்.

அகாதமியில் எல்லாருக்கும் பறக்கிற வாய்ப்புக் கிடைத்துவிடாது. முதல் பருவத்தில் விருப்பப்பட்டவர்களைக் கிளைடரில் ஏற்றிப் பழக்குவார்கள். என்ஜின் இல்லாத விமானம் அது. தரையில் இருக்கும் எந்திரம் ஒரு நீளக் கம்பியைச் சுருட்டி இழுக்க, பட்டம் போல் மேலே ஏறும். மேலே போனதும் கம்பியைக் கழற்றிவிட்டு, காற்றில் வட்டமடித்து இறங்க வேண்டும். கூட ஆளில்லாமல் தனியாக ஒரு தடவை ஓட்டி இறக்கியவர்களுக்குத்தான் பைலட் பிரிவு. மற்றவர்கள் ஸ்டோர்ஸ், கணக்கு என்று தரையிலேயே உத்தியோகம் பார்க்க வேண்டியதுதான். அதுவும் நல்ல உத்தியோகம்தான், குறையொன்றுமில்லை. ஆனால் சேக்காட்டிலிருந்து பேபி அதற்காகக் கிளம்பி வரவில்லை.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஸ்க்வாட்ரன் லீடர் கஜபதி. ஸ்ரீகாகுளத்துக்காரர். தாம்பரத்தில் சில வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் புரியும், தெலுங்கில் முக்கியெடுத்த தமிழில் பேசவும் செய்வார். கிளைடரில் இரண்டே இருக்கை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. மாணவி முன்னால், அவர் பின்னால். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. என்ன பார்க்கிறாயோ, என்ன செய்யப்போகிறாயோ, அதை முன்கூட்டியே வாயால் சொல்லு. வேகத்தைச் சொல்லு, உயரத்தைச் சொல்லு, இடப்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு அப்புறம் திருப்பு.

பேபி நன்றாகத்தான் ஓட்டினாள். கையில் நிதானம் இருந்தது. ஆனால் பேசவில்லை. அவர் கேட்டால் தலையை ஆட்டினாள், கட்டைவிரலைத் தூக்கினாள், வேகம் குறைந்தபோது உள்ளங்கையை அழுத்திக் காட்டினாள். அவளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. பின்னால் இருந்தவருக்கோ அவள் தலையும் தோள்பட்டையும் மட்டும்தான் தெரிந்தன. பயத்தில் உறைந்துபோய்விட்டாள் என்று நினைத்து, இறங்குகிற நேரத்தில் இரண்டு மூன்று தடவை அவரே வாங்கி ஓட்டினார். "வாயில் கொழுக்கட்டையா?" என்று கேட்டார். மெதுவாகச் சொன்னார், கடுமையாகச் சொன்னார். அவளும் முயற்சி செய்தாள். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

பருவ விடுமுறைக்கு முன்னால் கஜபதி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பாரும்மா, நீ சரியாத் திருப்புனே. ஆனா தெரிஞ்சு திருப்புனியா, தானா நடந்துச்சா, எனக்கு எப்படித் தெரியும்? உன் மண்டைக்குள்ள இருக்கறது வெளியே வரணும். லீவு முடிஞ்சு வா, பரீட்சை மாதிரி ஒரு செக் வைக்கறேன். அன்னைக்கும் இப்படித்தான்னா, தனியா அனுப்பமாட்டேன்."

பேபி தலையாட்டினாள். "பாத்தியா!" என்று அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சேக்காட்டுக்கு வந்த பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பா வேலைக்குப் போனதும், கொல்லையில் முருங்கை மரத்தடியில் இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் போட்டாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து பின் நாற்காலியில் உட்காரவைத்தாள். அப்புறம்தான் தன் நிலைமையை வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

தாயம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "பேசாததுக்கு ஒருத்திய வெளிய அனுப்புவாங்களா? பேசுனதுக்குத்தான் என்னை எல்லாரும் தொரத்திகினு இருந்தாங்க" என்றாள். அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "நான் இன்னா பண்ணணும்?"

"சும்மா குந்திகினு இரும்மா. நான் சொல்றது உனக்குப் புரியுதா பாரு."

பேபி விளக்குமாற்றுக் கட்டையைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, எதிரிலிருந்த சுவரைப் பார்த்து, "வேகம்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி "வேகம்" என்றாள். பின்னாலிருந்து தாயம்மாள், "அடுத்தது இன்னா?" என்று கேட்டாள். பேபி உள்ளங்கையை அழுத்திக் காட்டினாள்.

"கையை யாரு பாத்தா? முதுகுதான் தெரியுது."

தாயம்மாளால் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. முன்னால் மகள் வாயடைத்து உட்கார்ந்திருக்க, பின்னால் அவளே ஆரம்பித்துவிட்டாள். சுவர் மேல் காக்கா, பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் கொடியில் காயும் புடவை, அந்தப் புடவை எடுத்த கடை, அந்தக் கடைக்காரன் மச்சினி, அவள் கல்யாணத்தில் நடந்த கலாட்டா. இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. பேபி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் சிவந்து, கண் மின்னிக்கொண்டிருந்தது. அந்த முகத்தைச் சின்ன வயதில் எப்போதோ பார்த்ததாக அவளுக்கு ஒரு ஞாபகம் வந்தது. ஆனாலும் காரியம் கெடுகிறதே!

"அம்மா, ஓட்டறது நானா நீயா?"

"நீ எங்கடி ஓட்டறே, தரையிலேயே நின்னுகினு கீறே!"

"நூறு அடி ஏறிட்டேன். எறநூறு. இன்னும் ஏறுது. கம்பி இழுக்குது. நீ குறுக்க பேசாத!"

"ஏறுனியே, கம்பியக் கயட்டினியா?"

"இப்பத்தான் கயட்டறேன்! மூக்கை இறக்கறேன், கம்பியை விட்டேன். வேகம் சரியா கீது. எடப்பக்கம் பாக்கறேன், யாரும் இல்ல, திரும்பறேன்!"

கத்தித்தான் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தியை ஒருத்தி அடக்கப் பார்த்ததில் கொல்லையே அதிர்ந்தது. அன்று மத்தியானமும் அப்படியே, மறுநாளும் அப்படியே. அம்மா வாயை அடைப்பதற்காகவே பேபி இடைவிடாமல் பேசவேண்டியிருந்தது. விடுமுறை முடிவதற்குள் இறங்குகிற இடம் வரைக்கும் ஒன்றைக்கூட விடாமல் சொல்லப் பழகிவிட்டாள்.

ஆனால் சாயந்திரம் ஃபேக்டரி விடும் நேரத்துக்குள் நாற்காலிகளை உள்ளே எடுத்துப் போட்டுவிடுவார்கள். கோதண்டம் வரும்போது வீடு வழக்கம்போல் வாய்மூடி இருக்கும். ஒருநாள் அவருக்கு அரை நாளில் வேலை முடிந்துவிட்டது. இவர்களுக்கு அது தெரியாது. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். முருங்கை மரத்தடியில் மனைவியும் மகளும் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தாயம்மாள்தான் அவரை முதலில் பார்த்தாள். சட்டென்று வாயை மூடினாள். பேபியும் மூடினாள். திருடும்போது பிடிபட்ட மாதிரி இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். பேபி அவசரமாகக் கையால் விளக்க ஆரம்பித்தாள். கோதண்டம் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அவரும் வீட்டில் பேசிப் பல வருஷம் ஆகிறது. இப்போது பேசினார். தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால், தெருக்கோடிக்குக் கேட்கும்படி பேசினார்.

"நான் இல்லாதப்போ பேசிகினுதான் கீறீங்களா? நான் வந்தா மட்டும் இன்னாத்துக்கு வாய மூடிக்கிறீங்க?"

தாயம்மாள் அவர் காதைத் தொட்டுக் காட்டினாள். உனக்குக் கேட்காதே, அதனால்தான் என்பது போல.

"எனக்குக் கேக்கலேன்னா நீங்க பேசக்கூடாதுன்னு நானா சொன்னேன்? காது போனதுக்கு என்மேல கோவம், மூஞ்சி குடுத்துப் பேச இஷ்டமில்லன்னு நெனச்சிகினு கீறேன் இத்தினி வருசமா!"

தாயம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆசையாகச் செய்த ஒரு காரியம் இத்தனை வருஷமும் அவரைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறது. அவர் மனசு நோகக்கூடாது என்று இவர்கள் ஊமையானார்கள். அதைத் தனக்குக் கிடைத்த தண்டனை என்று எண்ணி அவர் வாயைத் திறக்காமல் இருந்தார். யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். பேபிக்கு அழுகை வந்தது. அழுதாள். கோதண்டம் உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்துவந்து மனைவிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி வரிசையையும் விளக்குமாற்றுக் கட்டையையும் பார்த்தே அவருக்கு விஷயம் புரிந்திருந்தது. "ம், ஓட்டு" என்றார்.

மூன்று பேரோடு கிளைடர் கிளம்பியது. தாயம்மாள் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். குப்பம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து, "உங்க ஊட்ல இன்னா சண்டை?" என்று கேட்டாள். "சண்டை இல்ல, ஏரோப்ளேன்" என்றாள் தாயம்மாள்.

விடுமுறை முடிந்து போனதும் கஜபதி சொன்னபடி செக் வைத்தார். கம்பி இழுக்க ஆரம்பித்தபோது பேபிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷில் ஒரு வார்த்தை வந்தது, இரண்டு வந்தது, மூன்றாவது சிக்கிக்கொண்டது. அடுத்த நிமிஷம் பின்னாலிருப்பவர் கை விமானத்தைத் திருப்பும் குச்சியைப் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. சுவர் மேல் காக்காவைப் பற்றிப் பேச அங்கே யாரும் இல்லை.

"சார், ஏறிகினே கீது! கம்பி நல்லா இழுக்குது, வேகம் சரி!" என்று கத்தினாள்.

பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. அப்புறம், "ஊம், மேலே சொல்லு" என்றார் கஜபதி. அவள் சொன்னாள். எண்களெல்லாம் இங்கிலீஷ், மற்றதெல்லாம் ஆவடி. இடப்பக்கம் பார்த்ததைச் சொன்னாள், காற்று பக்கவாட்டில் தள்ளுவதைச் சொன்னாள், கொஞ்சம் உயரமாக வந்துவிட்டேன், சீக்கிரம் இறங்க இறக்கையில் தடுப்பைத் திறக்கிறேன் என்று தன் தப்பையும் சொன்னாள். கடைசி வரைக்கும் அவர் கை குச்சிக்கு வரவில்லை. மறுபடி ஒரு தடவை ஏறினார்கள், இறங்கினார்கள். கஜபதி பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கீழே குதித்தார். பின் இருக்கையின் பெல்ட்டை இறுக்கிக் கட்டிவைத்தார்.

"நான் வரல. நீ மட்டும் போ."

தனியாக ஏறியபோது கிளைடர் லேசாக இருந்தது, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மேலே போனது. பேபிக்குப் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் வாய்விட்டே சொன்னாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஜன்னல் திறந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. என்ஜின் இல்லாத விமானம் சத்தமில்லாமல்தானே வரும்? புல் திடலில் நின்ற அத்தனை பேரும், தலைக்கு மேலே வானத்திலிருந்து ஒரு பெண் குரல் இறங்கி வருவதைக் கேட்டார்கள். "ஒண்ணும் பயமில்ல, வேகம் கரெக்டா கீது, இதோ வன்ட்டேன், இதோ வன்ட்டேன்!" பஞ்சாபிப் பிள்ளைகளும் வங்காளிப் பிள்ளைகளும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கஜபதி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பின்னால ஆளே இல்லையே, யார்கிட்டம்மா அத்தனை பேச்சு?" என்று அவள் இறங்கியதும் கேட்டார். பேபிக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். பைலட் பிரிவுக்குப் பரிந்துரை அன்றைக்கே போயிற்று. பிற்பாடு அவள் பெரிய சரக்கு விமானங்களெல்லாம் ஓட்டினாள். அதை இங்கே விரித்தால் கதை நீண்டுவிடும்.

சாயந்திரம் அகாதமி வாசலிலிருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் பூந்தமல்லிக்காரர் ஹாஜா மொய்தீனின் மளிகைக் கடையில் இருந்தது. அவர் ஆளனுப்பி அம்மா, அப்பா இருவரையும் கூட்டிவரச் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் தாயம்மாள் கடை என்றும் பார்க்காமல் ஒரு கூச்சல் போட்டாள். யார் யாரோ சிரிப்பது கேட்டது. அப்புறம் ரிசீவர் கை மாறுகிற சத்தம். "அண்ணாத்தே, உங்களுக்குத்தான் கேக்காதே, அண்ணிகிட்டயே குடுங்க" என்று ஹாஜா மொய்தீன் சொல்வது தூரத்தில் கேட்டது.

"பேபி!" என்று கோதண்டத்தின் குரல் அவள் காதைப் பிளந்தது. "சொல்லு!"

டெலிபோனில் கையைக் காட்டி என்ன பிரயோஜனம்? பின்னால் வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள்.

"அப்பா, மொதல்ல பெல்ட்டு போட்டேன்" என்று ஆரம்பித்தாள். "அப்பறம் எடப்பக்கம் பாத்தேன், வலப்பக்கம் பாத்தேன்."

கோதண்டம் அந்தப் பக்கம் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தப்புத் தப்பான இடங்களில் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பேபி கிளம்பியதிலிருந்து இறங்கியது வரைக்கும் ஒன்றையும் விடாமல் அவரிடம் சொன்னாள்.